முறிகண்டி தாண்டி எரிந்த விளக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏ9 வீதியால் வருகிற எந்த வாகனமும் முறிகண்டியில் நிற்காமல் வருவதில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், வழித்துணைக்கு ஒரு சுருள் கச்சான். நாங்களும் நின்றோம். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டது, முறிகண்டிக்கு வர ஏழு மணி. மாமா தேங்காயை உடைத்தார், நான் கச்சானை வாங்கினேன். மாங்குளம் வருவதற்குள், வேகமானிக்குப் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

"தம்பி, உது என்ன மஞ்சளாய்?"

"எஞ்சின் லைற், மாமா."

"தேங்காய் சரியாய்த்தானே உடைஞ்சது" என்றார் மாமா. கச்சான் கோதை யன்னலால் எறிய எடுத்த கை அப்படியே நின்றது.

கார் இருபது வயது தாண்டிய கொரோலா. இலங்கையில் '121' என்ற மூன்று இலக்கத்தால் மட்டும் அழைக்கப்படுகிற இனம். ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்து, கப்பலேறி வந்து, இங்கே நான்கு கை மாறி என்னிடம் வந்தது. விளக்கக் கையேடும் கூடவே வந்திருக்கிறது, ஜப்பானிய மொழியில். இந்த நாட்டில் ஓடுகிற ஜப்பான் கார்களின் டாஷ்போர்ட் பெட்டிகளில் இப்படி எவரும் படிக்காத புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் தூங்குகின்றன. ஆகையால் விளக்குகளின் பொருளை நாங்கள் செவிவழியாகவே கற்றோம்: சிவப்பு எரிந்தால் உடனே ஓரங்கட்டு, அது எஞ்சின் ஒயிலாகவோ சூடாகவோ இருக்கும். மஞ்சள் அசையாமல் எரிந்தால் ஓடலாம், ஆனால் நாள் கடத்தாதே. மஞ்சள் கண் சிமிட்டினால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது, மெதுவாக ஓரத்துக்கு எடுத்து நிறுத்து. என்னுடையது சிமிட்டவில்லை. சூட்டு முள்ளும் நடுவில் நின்றது. ஓடினேன்.

ஓடும்போது வித்தியாசம் இல்லை. ஆனால் மாங்குளத்தில் ஒரு மாட்டுக் கூட்டத்துக்காக நிறுத்தியபோது எஞ்சின் மூச்சுத் திணறியது. 700 சுற்றில் நிற்கவேண்டிய முள் 500க்கு விழுந்து, துள்ளி 900க்கு ஏறி, திரும்ப விழுந்தது.

மாமாவுக்கு எண்பதை எட்டும் வயது. மொறிஸ் மைனர் வைத்திருந்தவர். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கி, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றபோது, அந்த மைனரை ஐந்து வருடம் மண்ணெண்ணெயில் ஓட்டினார். அந்தக் கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். விளக்கு எரிந்த நேரத்தில் கேட்டது வேறு மாதிரி இருந்தது. பெற்றோல் ஒரு மருந்துப் போத்தலில் மட்டும் இருக்கும், தங்கம் மாதிரி. காபரேற்றரின் வாயில் சில துளி விட்டு எஞ்சினை எழுப்ப வேண்டும். சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஏறாத சூட்டில் மாற்றினால் வெள்ளைப் புகை தெருவையே மூடும். கலவை சரியா என்று பார்க்க அவரிடம் இருந்த ஒரே கருவி பிளக். கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். முனை கரிபிடித்திருந்தால் எண்ணெய் கூட. வெளிறிப் போயிருந்தால் காற்றுக் கூட. செங்கட்டி நிறத்தில் இருந்தால் அன்றைக்கு நல்லூர் போய் வரலாம்.

"நாலு பிளக்கையும் கழட்டிப் பார்த்தால் கார் சொல்லும்" என்றார். "உமக்கு லைற்றெல்லாம் என்னத்துக்கு?"

மாமாவிடம் நான் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லலாம். அந்த விளக்குக்குப் பின்னால் இருக்கிற ஒட்சிசன் சென்சரும் அவர் பிளக்கில் பார்த்ததையேதான் பார்க்கிறது. எரிந்து முடிந்த புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறதா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் கேள்வி. அவர் பயணம் முடிந்து பார்த்தார், இது ஓட ஓடப் பார்க்கிறது.

வவுனியாவில் ஒரு கராஜைக் கண்டு நிறுத்தினோம். இருபத்தைந்து வயதுப் பொடியன், கையடக்கமான ஸ்கானர் ஒன்றை ஸ்ரியரிங்குக்குக் கீழே செருகினான். திரையில் ஒரே ஒரு கோட்: பி0171. "லீன் கோட் அண்ணை. ஓ-டூ சென்சர் அடிச்சிட்டுது. முப்பத்தைந்தாயிரம் முடியும், மாத்துவமா?" 35,000 ரூபாய் என்றதும் மாமா தொண்டையைச் செருமினார். கொழும்புக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். பொடியன் கோபிக்கவில்லை. காசு வாங்காமல் கோட்டை அழித்துவிட்டான். விளக்கு அணைந்தது. "பாத்தீரே, ஒண்டுமில்லை" என்றார் மாமா.

மதவாச்சியிலிருந்து அனுராதபுரம் வரை இருவருக்கும் வாதம். லீன் என்றால் பெற்றோல் காணாது என்றுதானே அர்த்தம், அப்படியென்றால் ஃபில்டர் அடைத்திருக்கும் அல்லது பம்ப் களைத்திருக்கும் என்பது மாமாவின் கட்சி. கோட்டின் தலைப்பை மட்டும் படித்து ஒரு சாமானைக் கழற்றி எறிவது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் மாற்று விளக்கம் எதுவும் என் கையிலும் இல்லை.

நொச்சியாகமை தாண்டினால் புத்தளம் வரை வீதி நேராகக் கிடக்கிறது. வலப்பக்கம் வில்பத்துக் காடு. மாமா தூங்கிவிட்டார். ஒட்சிசன் சென்சரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மனதில் அடுக்கிப் பார்க்க அதைவிட நல்ல வீதி கிடையாது.

தையல்காரர் விரலில் போடுகிற உறை அளவில் ஒரு பீங்கான் குப்பி. சிர்க்கோனியாவால் ஆனது, இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் புகையில் குளிக்கிறது, உள்பக்கம் வெளிக்காற்றைத் தொடுகிறது. 300 பாகைக்கு மேல் சூடானால் இரு பக்க ஒட்சிசன் வித்தியாசத்துக்கு ஏற்ப அது மின்னழுத்தம் தருகிறது. புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவு, ஒட்சிசனே இல்லாவிட்டால் 0.9 வோல்ட் அளவு. நடுக்கோடு 0.45. ஒரு கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காற்று என்பதுதான் அந்தக் கோடு. நல்ல சென்சர் ஒருபோதும் ஓரிடத்தில் நிற்காது, மேலும் கீழும் ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தைப் பார்த்து எஞ்சினின் கணினி பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். புதிய கார்களில் முன்பக்கம் இருப்பது வேறு இனம், அதன் வோல்ட் கணக்கும் வேறு. என்னுடையது பழைய ஊஞ்சல்.

ஜெர்மனியின் பொஷ் கொம்பனி செய்த இந்தச் சாமான் முதலில் ஏறியது சுவீடனின் வொல்வோ கார்களில், 1976இல், அமெரிக்கச் சந்தைக்காக. நம் ஊருக்கு அது சரிவரப் பயன்பட ஒரு கால் நூற்றாண்டு ஆனது. ஈயம் கலந்த பெற்றோல் இந்தப் பிளாட்டினப் பூச்சை நஞ்சூட்டிக் கொன்றுவிடும். இலங்கை ஈயப் பெற்றோலைக் கைவிட்டது 2002இல். போரால் மூடிக் கிடந்த ஏ9 பாதை மக்களுக்குத் திரும்பத் திறந்ததும் அதே 2002. மாமாவின் மைனர் அதற்குள் கறையானுக்கும் துருவுக்கும் போய்விட்டது.

புத்தளத்து உப்பளங்களைத் தாண்டி, சிலாபத்தில் ஒரு பிளேன்ரீ குடித்து எழும்பிப் பத்து நிமிடத்தில் விளக்குத் திரும்பவும் எரிந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. கோட்டை அழிப்பது நோயாளியின் காய்ச்சல் அட்டையைக் கிழிப்பது போலத்தான். இத்தகைய கோளாறைக் கணினி ஒரு ஓட்டத்தில் கண்டால் குறித்துவைக்கும், அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கை ஏற்றும். அனுராதபுரத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தியது, சிலாபத்தில் தேநீருக்கு நிறுத்தியது, இரண்டையும் அது எண்ணியிருக்கிறது. நீர்கொழும்பு, வத்தளை, பேலியகொடை என்று ஒவ்வொரு நெரிசலிலும் எஞ்சின் நடுங்கியது. வெள்ளவத்தைக்கு வந்து சேர இருட்டிவிட்டது.

இரவு, புறக்கோட்டை நடைபாதையில் எப்போதோ வாங்கிய பெருவிரல் அளவு புளூடூத் ஸ்கானரைத் தேடி எடுத்துச் செருகிப் பார்த்தேன். கைபேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் 1996இலிருந்து எல்லாக் கார்களும் ஒரே பாஷையில் பேசவேண்டும் என்று சட்டம். ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த அந்தக் காலத்துக் கார்கள் பல அந்தப் பாஷையை முழுதாகப் பேசாது. வவுனியாப் பொடியனிடம் இருந்தது போல அதற்கென்று வேறு கருவி வேண்டும். அந்தக் கருவி இருக்கிற ஒருவரிடம்தான் காலையில் போனோம், களுபோவிலைக்கு.

வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலைக்குப் போவதைப் பயணம் என்று எழுதினால் சிரிப்பார்கள். காலி வீதியில் தெகிவளைச் சந்தி வரை போய் உள்ளே திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காலை எட்டு மணிக்கு அந்தச் சில கிலோமீற்றர், வில்பத்து ஓரத்து நாற்பது கிலோமீற்றரைவிட நீளம். கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை என்பது பலகையில் உள்ள பெயர், சனத்துக்கு அது களுபோவில ஆஸ்பத்திரி. அதன் வாசலைச் சுற்றி மருந்துக்கடைகள், இரத்தம் சோதிக்கிற இடங்கள், தெம்பிலி குவித்த வண்டிகள், கையில் கிளினிக் கொப்பியோடு வீதியைக் கடக்கிற ஆட்கள். ஊர்ந்து ஊர்ந்து, நடுங்கி நடுங்கி, ஆஸ்பத்திரியைக் கடந்து ஒரு ஒழுங்கைக்குள் இறங்கினோம்.

கராஜ் என்றால் பெரிதாக நினைக்கக் கூடாது. ஒரு பலா மரம், அதன் கீழ் தகரக் கூரை, மூன்று கார் நிற்கிற இடம். ஒரு அக்வாவின் பின்சீற் வெளியே கிடந்தது, அதன் பெரிய பற்றரியை ஒரு பையன் பிரித்துக்கொண்டிருந்தான். சொந்தக்காரரை எல்லோரும் நானா என்றே கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, பொக்கற்றில் டோர்ச். நான் வவுனியாக் கதையைச் சொல்லி முடித்தேன். மாமா ஃபில்டர் கதையைச் சொல்லி முடித்தார். நானா இரண்டையும் பொறுமையாகக் கேட்டார்.

"கோட் சொல்றது சரி. ஆனா கோட் ஆளோட பேரச் சொல்றல்ல, புகார மட்டுந்தான் சொல்லும். இரிங்க, பாப்போம்."

அவர் கோட்டோடு நிற்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, நேரலையாக ஓடும் எண்களைத் திறந்தார். சென்சரின் வோல்ட் 0.1க்கும் 0.8க்கும் இடையில் ஆடியது. "பாத்தீங்களா, உசிரோட ஈக்கு. செத்த சென்சர் இப்பிடி ஆடாது. ஒரே எடத்துல படுத்துக்கும், இல்லாட்டி கிழவன் மாதிரி மெள்ள மெள்ள அசையும்." பிறகு கீழே இருந்த இன்னொரு எண்ணைத் தொட்டுக் காட்டினார். கணினி வழக்கத்தைவிட எத்தனை வீதம் பெற்றோல் கூட்டிக் கொடுக்கிறது என்ற கணக்கு. நிற்கும் ஓட்டத்தில் 24 வீதம். பத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம் என்பார்கள். இருபத்துநான்கு என்றால் நாலு பேருக்கு அரிசி வைக்கிற இடத்தில் ஐந்து பேருக்கு வைப்பது.

"இப்ப மிதிங்க சேர். ரெண்டாயிரத்து ஐந்நூறுல புடிங்க."

மிதித்துப் பிடித்தேன். சில நொடியில் 24 இறங்கத் தொடங்கி 7இல் வந்து நின்றது. நானா ஸ்கானரை ஓரமாக வைத்துவிட்டார். எனக்கு விளங்கவில்லை. மாமா, "அப்ப ஃபில்டர்?" என்றார்.

"ஃபில்டரா இருந்தா கூட மிதிக்கக் கூட இழுக்கும் ஐயா. கூட்டத்துல தண்ணி காணாம போறது மாதிரி. இங்க மிதிச்சா சரியாகுது. அப்ப இது எண்ணெய் கொறஞ்ச கேஸ் இல்ல, காத்துக் கூடின கேஸ்." எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "கலியாண வீட்டு வாசல்ல ஒருத்தன் நிண்டு ஆள எண்ணுறான். அவன் சொல்ற கணக்குக்குத்தான் சோத்துச் சஹன் வைக்கிறாங்க. பின்வாசலால இருவது பேர் பூந்தா? நூறு பேர் கலியாணம்னா சோறு முட்டுப்படும். ஆயிரம் பேர் கலியாணம்னா அந்த இருவது பேர் தெரியவும் மாட்டாங்க. சும்மா நிக்கிற எஞ்சின் சின்னக் கலியாணம். மிதிச்சா பெரிய கலியாணம். பின்வாசல் எங்கண்டு மட்டும் பாத்தாப் போதும்."

வாசலில் நின்று எண்ணுகிறவன், காற்று வடிகட்டிக்குப் பின்னால் இருக்கிற காற்றளவு சென்சர். அதைத் தாண்டி எங்கோ ஒரு வெடிப்பு வழியே கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் போகிறது. கணினி எண்ணப்பட்ட காற்றுக்கு மட்டும் பெற்றோல் கொடுக்கிறது. புகையில் ஒட்சிசன் மிஞ்சுகிறது. ஒட்சிசன் சென்சர் அதைக் கண்டு உண்மையைச் சொல்கிறது. உண்மையைச் சொன்னதற்காக அதைக் கழற்றி எறிய முப்பத்தைந்தாயிரம் கேட்டார்கள். (வவுனியாப் பொடியனைக் குறை சொல்வதற்கில்லை. கையடக்கக் கருவி அவனுக்குக் காட்டியது அந்த ஒரு வரியைத்தான்.)

நானா காபரேற்றர் கிளீனர் தகரத்தை எடுத்து, எஞ்சினின் பின்பக்கம் இடம் இடமாகச் சிறிது சிறிதாக அடித்தார். சூடான எஞ்சினில் இது எரிபொருள் தெளிப்பதற்குச் சமம், கையில் தீயணைப்பான் இல்லாதவர் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நான்காவது இடத்தில் எஞ்சினின் ஒலி சட்டென்று மாறியது, வோல்ட் 0.9க்கு எகிறியது. அங்கேதான். வால்வ் மூடியிலிருந்து காற்றுக் கிளைக்குழாய்க்குப் போகிற, விரல் தடிப்பான ரப்பர் குழாய். மேலே பார்த்தால் புதிது போல இருந்தது. கண்ணாடித் துண்டைக் கீழே பிடித்து டோர்ச் அடித்தார். அடிப்பக்கத்தில், வளைவில், ஒயில் ஊறி ஊறி மெத்தென்று போன ரப்பரில் நகக்கீறல் மாதிரி ஒரு வாய். எஞ்சின் உறிஞ்சும்போது அது திறந்து மூடியது.

மாமா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நான் பிளக்கைக் கழட்டியிருந்தால் வெள்ளையாய்த்தான் இருந்திருக்கும்" என்றார்.

"நிச்சயமா ஐயா. லீன் எண்டு பிளக்கும் சொல்லியிருக்கும். எங்க எண்டு அதுவும் சொல்லாது."

குழாய் பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டும். கொழும்பில் உதிரிப்பாகம் என்றால் பஞ்சிகாவத்தைதான். காரிலிருந்து களவுபோன சாமானை அங்கே போய் நாமே திரும்ப வாங்கலாம் என்பது ஊரறிந்த பகிடி. பையன் மோட்டார்சைக்கிளில் போய்வர ஒன்றரை மணி. அந்த நேரத்தில் நானா சொன்னவற்றில் சில எழுதத் தக்கவை. பி0135 என்று ஹீட்டர் கோட் வந்தால் சென்சரைத் தொடமுன் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். சென்சருக்கு முன்னால் புகைக்குழாய் வெடித்திருந்தாலும் வெளிக்காற்றை உறிஞ்சிப் பொய்யாக லீன் காட்டும். எஞ்சின் ஒட்ட மலிவான சிலிக்கன் பசை பூசினால் அதன் ஆவியே சென்சரைக் கொல்லும், அதற்கென்று சென்சருக்குக் கேடு செய்யாத பசை இருக்கிறது. உண்மையில் சென்சர் போவதும் உண்டு. ஹீட்டர் உள்ளவை சுமார் 160,000 கிலோமீற்றர் போனால் சோம்பல் பிடிக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும். அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றிய சென்சரைப் பஞ்சிகாவத்தையில் வாங்காதே. அது எத்தனை கிலோமீற்றர் புகை குடித்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. பி0420 என்ற கற்றலிக் கொன்வேற்றர் கோட் வந்தால் உடனே அந்தப் புகைச் சுத்திகரிப்பியை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை ஒட்டுகிறவர்களைப் பற்றி அவர் சொன்னதை நான் அச்சில் போட முடியாது.

எனக்கு ஒரு சந்தேகம். 2008இலிருந்து வருடா வருடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. இந்த விளக்கோடு போயிருந்தால்? நானா சிரித்தார். அங்கே குழாய்க்குள் கம்பியை விட்டு, காபனோரொட்சைட்டையும் எரியாத பெற்றோலையும் அளக்கிறார்கள். காற்றுக் கூடின கார், எரிதல் தவறாதவரை, அதில் நல்ல பிள்ளையாகத் தேறும்.

புதுக் குழாய் பூட்டினதும் எஞ்சின் 700இல் அசையாமல் நின்றது. 24 என்றிருந்த எண் அழித்துப் பழகவிட்ட பிறகு 3. குழாய் 1,200 ரூபாய், கூலி 3,500. மாமா தன் பொக்கற்றிலிருந்து கொடுத்தார், தடுத்தும் கேட்கவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் நம் வீதிகளில் ஓடுகிற கார்கள் எல்லாம் ஐந்து வயது கூடக் கிழண்டு, கை மாறி மாறி விற்கப்படுகின்றன. பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெயின்ரையும் சீற்றையும் பார்க்கமுன், சாவியைத் திருப்பி, எஞ்சினை எழுப்பாமல் டாஷ்போர்ட்டைப் பாருங்கள். அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், எழுப்பினதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால் யாரோ அதன் கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள். விலை பேசாமல் வீட்டுக்குப் போங்கள்.